சோத்தாங்கை, பீச்சாங்கை

சஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயிற்றுக்கு மின்சாரம் ஊட்டிவிட்டு வந்து
குளியலறைக் கதவைச் சாத்துகிறேன்.

ஆகஸ்டில் ஹில்டா ஃப்ரீசன் வீட்டுக் கராஜில்
ஜாம் புட்டிகளுக்கும் ஒற்றைச் சறுக்குக் கட்டைக்கும் நடுவே
நான்கு டாலருக்குக் கிடந்தது.
மடித்தால் சீப்பு மாதிரி. விரித்தால்
பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.
"என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார்" என்றாள் ஹில்டா.
சில்லறை எண்ணிக் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

துரு போக ஒரு வாரம்.
தையல் எந்திர எண்ணெய், உப்புத்தாள், கட்டைவிரல் நகம்.
பிறகு சாணைக்கல். தண்ணீர் தெளித்து
முதுகும் வாயும் ஒன்றாகப் படிய
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து.
தலைமுடி ஒன்றைப் பிடித்து வாய்மேல் இறக்கினேன்:
வளைந்தது, வழிவிட்டது, நிமிர்ந்துகொண்டது.
மூன்றாம் வாரம்தான்
சத்தமில்லாமல் இரண்டானது.

தோல்வாரில் கத்தி
முதுகு காட்டித்தான் போகவேண்டும்.
புறமுதுகிட்டவனை ஏசி ஏசியே
வளர்ந்த மொழி என்னுடையது.
ஒருநாள் அவசரத்தில் வாயை முன்னே விட்டேன்.
வாரில் பிறைபோல ஒரு தழும்பு.
இன்றும் அதைக் கடக்கையில்
கத்தி லேசாக இடறுகிறது, பேர் மறந்தவனைப் போல.

வலக்கன்னம் சீக்கிரம் படிந்துவிட்டது.
இடக்கன்னத்துக்குக் கை மூக்கைத் தாண்டி வரவேண்டும்,
முழங்கை கண்ணாடியை மறைக்கும்,
காதோரம் குருட்டாம்போக்கில் ஒரு சிவப்புக் கோடு.
"பூனை வளர்க்கிறாயா?" என்றாள்
பொட்டாஷ் சுரங்க அலுவலகத்தில் டார்லீன்.
ஆமாம் என்றேன்.
"பேர்?"
"ஃப்ரீசன்."

நேற்று ராத்திரி எண்ணெய் பூசும்போதுதான் பார்த்தேன்:
கைப்பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்
என் விரலுக்கு எதிர்ப்பக்கம்.
மாற்றிப் பிடித்தேன்.
வார்த்து வைத்ததுபோல் உட்கார்ந்தது.

பீச்சாங்கை.
நாற்பத்து மூன்று வருடம்
கழுவ மட்டும் தெரிந்த கை.
திருநீறு எடுத்ததில்லை, மொய்க்கவர் நீட்டியதில்லை,
பந்தியில் மடியோடு ஒடுங்கிக் கிடந்தது.
அதனிடம் போய்
இந்தக் காலையில் கழுத்தை நீட்டுகிறேன்.
நடுங்குகிறது.
அதற்கு என்னைத் தெரியாது.

சாத்திய கதவு எப்போது திறந்ததோ,
ஸ்வெட்டர் பாதி மாட்டியபடி நிறைமொழி.
இடக்கையால் எழுதுகிறவள், வரைகிறவள்,
தட்டில் கைவைத்தால் தினமும்
"அந்தக் கை, அந்தக் கை" என்று
என்னிடம் கேட்டுக்கொள்கிறவள்.
நுரைக்குள் நான் திணறுவதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
"இறுக்கிப் பிடிச்சா வழுக்கும்ப்பா,
கிரேயான் மாதிரி பிடி."
சொல்லிவிட்டு ஒரு பூட்ஸைத் தேடிப் போய்விட்டாள்.

தளர்த்தினேன்.
தாடைக்குக் கீழே, மயிர் சுழி போடும் இடத்தில்
கத்தி முதல்முறை
தாளில் மழை விழுவது மாதிரி ஒலித்தது.
அந்தச் சந்தோஷத்தில் மோவாயில் வெட்டிக்கொண்டேன்.

மேசையில் தோசை.
அவள் எந்தக் கையால் பிய்த்தாள்,
நான் பார்க்கவில்லை.
படிகாரம் எரிந்துகொண்டிருந்தது.

பாலத்தில் பாதி வழி வந்தபின்தான் சந்தேகம்:
துடைத்தேனா, ஈரத்தோடு மடித்துவிட்டேனா?
கீழே ஆறு, நீராவி விட்டபடி,
இன்னும் முழுதாக உறையாமல்.