ஒன்று பதினாலு

எங்கள் ஊரில் ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும்
மிகக் குட்டை இரவுக்கும்
அரை மணிகூட வித்தியாசம் இல்லை.
செம்பனைக்குத் தெரியாது. ஆலைச் சங்குக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். எடைக் கிராணி நான்,
லோரிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றையும்
கழித்தே எழுதுகிறவன்.

காலை ஐந்துக்குத் தையல்நாயகியைக்
கோயில் வாசலில் இறக்கிவிட்டேன்.
மார்கழி முழுக்க இதுதான் ஒப்பந்தம்:
அவள் உள்ளே, நான் காஞ்சிலுக்குள்ளே.
இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறையும்
"வாங்களேன்" என்றதில்லை அவள்.
ஒருமுறையும் "எதற்கு" என்றதில்லை நான்.
பொய். முதல் மூன்று வருஷம் கேட்டேன்,
கேட்ட விதமும் நல்லதில்லை.

ஆறு மணிக்குப் பாங்கு ஒலித்தது.
குருக்கள் எட்டி ஒலிபெருக்கியைக் குறைத்தார்.
யாரும் அவரிடம் சொல்லவில்லை.
முடிந்ததும் பழையபடி திருகினார்,
கொஞ்சம் கூடுதலாகவே.

வெண்பொங்கல் பொட்டலத்தோடு வந்து ஏறினாள்.
எனக்குச் சோறு. அவளுக்கு வேறு.
மிளகை மட்டும் இருவருமே ஒதுக்கினோம்.

கடவுளைத் திட்டுவதை நிறுத்தி நாளாகிவிட்டது.
இல்லாத ஆளோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?
ஆனால் பண்டிகை இல்லாமல் இருக்க முடியவில்லை.
அதனால் எனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டேன்.

எடைமேடைக்குப் பின்னால், சிமென்டுத் தரையில்
இரண்டு மீட்டர் இரும்புக் கம்பி.
டிசம்பர் இருபத்திரண்டு, உச்சிப்பொழுது,
நிழல் வடக்கே விழும்:
நூற்று நாலு சென்டிமீட்டர்.
பதினொரு வருஷத்துப் பெயின்ட்
ஒரே கோட்டின்மேல் தடித்துக் கிடக்கிறது,
ஆறாத தழும்பு மாதிரி.

உச்சி என்றால் இங்கே பன்னிரண்டு அல்ல.
ஒன்று பதினாலு.
அதை நான் பிடித்தது
கேன்டீன் சுவரின் தொழுகை நேர அட்டையிலிருந்து;
லுஹருக்கு இரண்டு நிமிஷம் முன்னால்.
"சாமி இல்லாதவனுக்கும் அட்டவணை எங்களுடையதுதான்"
என்பான் ரொஸ்லி, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி.
ஒப்புக்கொள்வேன். ஒழுங்காக அளந்தவர்களிடம்
கடன் வாங்குவதில் வெட்கமில்லை.

இன்று மேகம்.
ஒன்று பத்து. ரொஸ்லி வந்துவிட்டான்.
தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
கொதிகலன் பக்கமிருந்து ஷஃபிகுல்.
கேன்டீன் மெய் ஃபோங் மூடி போட்ட பானையோடு.
நால்வரும் ஒரு கம்பியைச் சுற்றி,
வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஒன்று பதினாலு.
"போன வருஷக் கோட்டிலேயே போட்டுவிடு, கிராணி.
மாறவா போகிறது?"
மாறாது. எனக்கும் தெரியும்.
தூரிகை முனையில் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது.
"பார்க்காமல் போட்டால் அது நம்பிக்கை" என்றேன்.
ரொஸ்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
மெய் ஃபோங்குக்குப் புரியவில்லை.
மலாயில் திரும்பச் சொன்னேன்.
மலாயில் அது அவ்வளவு நன்றாக இல்லை.

பாங்கு எழுந்தது. இருவரும் போனார்கள்.
அவள் பானையைத் திறந்தாள்:
இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் உருண்டைகள்,
சிவப்பு, வெள்ளை, ஒன்று மட்டும் பச்சை.
"புருஷன் படத்துக்கு முதலில் வைத்தேன்.
உனக்குப் பரவாயில்லையா?"
பதினோரு வருஷமாகக் கேட்கிறாள்.
"அவருக்குப் பரவாயில்லை என்றால் சரி."
பதினோரு வருஷமாக இதுதான் பதில்.
"சாப்பிடு. ஒரு வயசு கூடும்."
கூடியது. நாக்கு சுட்டது.

நோட்டில் எழுதினேன்: தேதி. நேரம்.
நிழல் என்ற கட்டத்தில்: மேகம்.

ஒன்று நாற்பதுக்கு வெயில் வந்தது,
கூப்பிட்டு முடித்தபின் வரும் விருந்தாளியாக.
நிழல் கிழக்கே நகர்ந்திருந்தது. அளக்கவில்லை.
தொழுதுவிட்டு வந்த ஷஃபிகுல் அதைத் தாண்டாமல்
சுற்றிக்கொண்டு போனான்.

நாளைப் பகல் ஒரு செக்கண்டுகூட நீளாது.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.
திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துக்காக ஹாரன் அடித்தான்
பதினேழாம் நம்பர் லோரிக்காரன்.
குலை எட்டு டன், சேறு நாற்பது கிலோ.
கழித்தேன்.