பதினோராவது கொண்டை ஊசி

போடியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் அப்பாவின் ஜீப்பில்
ஒன்பது பேர் உட்காரலாம்.
பதினாறு பேர் இருக்கிறோம்.
பதினைந்து பேர் ஏலக்காய் பறிக்க.
நான் பூப்பாறையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதி, பிரஷர் பார்த்து,
டாக்டரின் கதவைத் திறந்துவிட.

கடல் இல்லாத நாட்டில் ஆறு வருடம் படித்தேன்.
கிர்கிஸ்தான். ஓஷ் நகரம்.
போகும் முன் அப்பா கேட்டது ஒன்றுதான்:
"மலைதானே? ஏலம் போடுறாங்களா?"
இல்லை என்றதும்
அந்த மலைகளின் மேல் அவருக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.
ஆனாலும் பழைய ஜீப்பை விற்றார்.
முதல் வருடக் கட்டணம் அந்த ஜீப்.
மற்ற ஐந்து வருடம்
இன்னும் வட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்லூரி என்பது மூன்று கட்டடம்,
அதில் ஒன்றில்தான் ஹீட்டர் சுடும்.
ஒரே கட்டிலைச் சுற்றிப் பதினெட்டு வெள்ளைக் கோட்டுகள்,
நாமக்கல், ஜெய்ப்பூர், கொல்லம், முல்தான்.
படுத்திருந்த கிழவர் எங்களை எண்ணிப் பார்த்தார்,
போட்டோ எடுக்கப் போகிறோம் என்று நினைத்துத்
தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
பாடம் ஆங்கிலத்தில். வலி கிர்கிஸில்.
"ஓருயித்" என்றார், விலாவைத் தொட்டு.
வலிக்கிறது.
புத்தகத்தில் இல்லாத அந்த ஒரு சொல்லைத்தான்
நான் எழுதிவைக்காமலே மறக்கவில்லை.

வாடகை வீட்டுக்கார அம்மா அய்னுரா.
அவள் மகன் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கி
மாஸ்கோவில் பனி அள்ளுகிறான்.
அவன் அனுப்பும் ரூபிளையும்
நான் கொடுக்கும் வாடகையையும்
ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள்.
படித்து முடித்தவர்கள் வெளியே போனார்கள்.
படிப்பதற்கென்று நாங்கள் உள்ளே போனோம்.
விமான நிலைய வாசலில் இரண்டு வரிசையும் தோள் உரசும்.
யார் யாரைப் பார்த்துப் பாவப்படுவது என்று
யாருக்கும் தெரியாது.
முந்தல் சோதனைச் சாவடியில்
எதிரே இறங்கும் கேரளத்துக் காலேஜ் பஸ்ஸைப் பார்க்கும்போது
எனக்கு அது ஞாபகம் வரும்.

ஊருக்கு வந்தால் இங்கே ஒரு பரீட்சை.
முந்நூறு கேள்வி, நூற்றைம்பது வேண்டும்.
முதல் முறை நூற்றுப் பதினொன்று.
இரண்டாம் முறை நூற்று நாற்பத்தாறு.
அந்த நாலு மார்க்
உடம்பின் எந்தப் பக்கம் இருந்தது என்று
இன்னும் தடவித் தேடுகிறேன்.

இன்று பதினோராவது வளைவில்
ஒச்சம்மாள் என் மடியில் சரிந்தாள்.
அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.
ஒருத்தி குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.
பள்ளத்தாக்கில் போடியின் விளக்குகள்
அணையாமல் கிடந்தன.
குளிர்ந்த வேர்வை. நூல்போல நாடி, வேகம்.
"சுகர் மாத்திரை போட்டியா? சாப்பிட்டியா?"
போட்டிருந்தாள். சாப்பிட்டிருக்கவில்லை.
எங்கே வலிக்குது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்,
வந்தது ஓருயித்.
சொந்தப் பாஷையைக் கேட்டதுபோல
அரைக்கண்ணில் தலையசைத்தாள்.
விழுங்குகிறாளா என்று பார்த்துவிட்டு
யாரோ நீட்டிய பிளாஸ்க் டீயில்
யாரோ நீட்டிய வெல்லத்தைக் கரைத்து
மூடி மூடியாகக் கொடுத்தேன்.

மெட்டில் மலையாளத்துக் காவலர்
டார்ச்சை உள்ளே அடித்தார்.
"டாக்டராணோ?"
பதினைந்து பேரும் "ஆமா" என்றார்கள்,
ஒச்சம்மாளும் சேர்த்து.
அப்பா மட்டும் கியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பரீட்சை டிசம்பர்ல" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. தடியைத் தூக்கிவிட்டார்.

"அரைநாள் கூலியாவது போடுவாங்களா பாப்பா?"
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்பத்தெட்டு.
ஜீப் குலுங்கியதில் தவறியிருக்கலாம்,
மறுபடி முதலிலிருந்து.