முப்பத்தொன்றாம் நாடா

முதலில் நாடாவைச் சூடாக்க வேண்டும்.
ஆப்பிள் வற்றல் போடுகிற மின்பெட்டியில்
ஐம்பத்து நாலு பாகையில், எட்டு மணி நேரம்.
இல்லாவிட்டால் ஓடும்போதே பசை கசிந்து
பேசியவர்களை உரித்து எடுத்துவிடும்.
சூடான பிறகு ஒரு மாதம்தான் கெடு.
அதற்குள் கேட்டாக வேண்டும்.

பஃபலோவில் பனி ஜன்னல் விளிம்பைத் தாண்டிவிட்டது.
தேவாலயத்து நிலவறையில் நானும்
இரவல் வாங்கிய ஒரு ஸ்பூல் மெஷினும்
அறுபத்து நாலு சுருள்களும்.
மூலச் சுருள்களைப் பல்கலைக்கழகம் கேட்டது.
படி தருகிறோம், படிதான் தருவோம்
என்றுவிட்டார்கள் ஆலயத்துப் பெண்கள்.

படங்களுக்குச் சட்டம் போடும் ட்ரூயிட்டின் கடைப் பின்னறை.
எழுபத்து நாலிலிருந்து வியாழன்தோறும்
மரக்கட்டை அச்சுக்காரர் இருவர், ஒரு சாக்ஸபோன்,
எஃகு ஆலை இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் ஒரு சிற்பி,
சும்மா கேட்க வருகிற அக்கம்பக்கத்தார்.
மைக்கை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்கள்.
ஏழு வருடப் பேச்சுக்கும் அடியில்
அது சுருதி போட்டுக்கொண்டே இருக்கிறது.

மென்பொருளுக்கு அந்த இரைச்சலை எடுக்கத் தெரியும்.
எடுத்துப் பார்த்தேன்.
வெர்லீன் கேட்ஸ் மறுத்துப் பேசுமுன்
மூச்சை இழுப்பாரே, அதுவும் சேர்ந்து போயிற்று.
மூச்சுவிடாத பெண்ணின் கோபம் சகிக்கவில்லை.
ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

என்ன பேசினார்கள்?
பாதிக்குமேல் பணம்.
டவுன்டவுன் காலரி நாற்பது டாலர் தருகிறதாம்.
சட்டத்துக்கே முப்பத்திரண்டு ஆகிறதே என்கிறார் ட்ரூயிட்.
பிறகு கறுப்பு மை பற்றி ஒரு மணி நேரம்:
எது நீலத்துக்குச் சாய்கிறது, எது பழுப்புக்கு,
எங்கள் அத்தைமாரை அச்சிட
கடையில் விற்கும் எந்தக் கறுப்பும் போதாது என்று ஒருவர்.
எழுத்துப்படியில் ‘சிரிப்பு’ என்று குறிக்கிறேன்.
குறிக்கும்போது கூசுகிறது.
அதில் நாலு வகை கேட்கிறது,
ஒன்று சிரிப்பே அல்ல.

முப்பத்தொன்று.
மூலையில் யாரோ மீன் பொரிக்கிறார்கள்.
சிற்பி ஆர்டிஸ் ப்ளெட்ஸோ
ஆலையில் நடந்த எதையோ தொடங்கி, பாதியில் விட்டு,
“இதை யார் கேட்கப்போகிறார்கள்?” என்கிறார்.
பதில் இல்லை. எண்ணெய்ச் சத்தம்.
நான்தான் ஐயா, என்று வாயெடுத்தேன்,
திருவெறும்பூரில் ரேடியோ மெக்கானிசம் படித்து
இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் நான்.
நல்லவேளை, அவரே முந்திக்கொண்டார்:
“நிறுத்து அதை.”
சொடுக்கு.
மறு சொடுக்கில் எல்லோர் குரலும் கம்மியிருக்கிறது.
ஒருவர் மூக்கைச் சிந்துகிறார்.
இடையில் எத்தனை நேரம், நாடாவுக்குத் தெரியாது.
மீன் கரிக்கட்டையாச்சே என்கிறார் வெர்லீன்.

போன செவ்வாய் ஆர்டிஸின் மகள் வந்தார்,
பேருந்து ஓட்டும் சீருடையோடு, பூட்ஸில் உப்போடு.
அந்த இடத்தை மூன்று தடவை கேட்டார்.
எனக்கு நாக்கு அடங்கவில்லை:
என்னதான் பேசியிருப்பார்கள்?
“தெரியும்” என்றார் ஜொனெல்.
ஹெட்ஃபோனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி
மேசைமேல் வைத்தார்.
“நிறுத்தச் சொன்னாரில்லையா?”

பிறகு மூக்கைச் சிந்தியது யார் என்பதை மட்டும் சொன்னார்.
அதையும் எழுதாதே என்றார்.

பட்டியலில் இப்படிப் பதிந்திருக்கிறேன்:
நாற்பத்திரண்டாம் நிமிடம். நிறுத்தச் சொன்னார்.
நிறுத்தினார்கள்.
மீன் தீயும் அளவு நேரம்.

முப்பத்திரண்டு பெட்டிக்குள் இருக்கிறது.
இன்னும் ஐந்து மணி நேரம்.