பட்டர் தாளில் இரண்டு ர

மார்க்கம் வீதியில், எல்ஸ்மியருக்குக் கொஞ்சம் மேலே
எங்கள் வெதுப்பகம். பின்னறையில் நான்.
கேக்கின் மேல் எழுதுவது வேலை.
வார நாளில் முப்பது, சனிக்கிழமை அறுபது.

பதினொரு வருடமாய் எழுதுகிறேன் என்றுதான்
எல்லோருக்கும் சொல்வது.
எழுதுவது ஃபோன்.
ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் போதும்,
அது போய் ழ-வைப் பிடித்துவந்து வைக்கும்.
நான் பார்த்துப் பார்த்து
கோனைப் பிழிந்து அப்படியே இறக்குவேன்.
வாழ்த்து ஒருநாளும் பிழைத்ததில்லை.
அதில் என் பங்கு, கை நடுங்காதது.

ஒருவர் ஒரு தடவை அனுப்பிய வாசகம்:
‘என்னை மண்ணித்துவிடு, ரஜீவி.’
மூன்று சுழி. மன்னிப்புக்குள் மண்.
அவருக்கும் அவவுக்கும் நடுவில் எனக்கென்ன என்று
மூன்றையும் சுழித்தே கொடுத்தேன்.
இரண்டா மூன்றா என்று அன்று எனக்கே
முழு நிச்சயம் இருக்கவில்லை.
முதலாளி குலசிங்கத்துக்கு அது தெரியாது.

டிசம்பர் கடைசி ஞாயிறு, உறைமழை.
வாகனத் தரிப்பிடத்து மேப்பிள் மரம்
கண்ணாடி பூசிக்கொண்டு நின்றது,
பிறகு ஒரு கிளையைப் போட்டது.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஃபோனில் இரண்டு வீதம் இருந்தது,
பிறகு அதுவும் இல்லை.
கறுப்புத் திரையில் என் மூக்கு மட்டும்.

தவநிதி வந்தா. சப்பாத்தெல்லாம் உப்பு.
‘அஞ்சு மணிக்கு மண்டபம். பேர் வேண்டாம்,
என்ர பெறாமகனுக்கு எண்டு மட்டும் போடுங்கோ.
தங்கச்சியின்ர பெடியன்.
நான்தான் வளர்த்தனான்.’

வாயில் அது ஒரு புரளல், அவ்வளவுதான்.
கோனின் நுனியில் இரண்டு பாதை.

டோர்ச் வெளிச்சத்தில்
பட்டர் தாளில் பிழிந்து பார்த்தேன்.
பெராமகன்.
பெறாமகன்.
இரண்டும் எங்கேயோ கண்ட முகம்,
இரண்டுக்கும் பேர் தெரியவில்லை.
குலசிங்கம் சில்லறை எண்ணிக்கொண்டே
‘எது வடிவோ அதைப் போடும்’ என்றார்.
கேக் கொண்டுபோகும் பிரணவன், இங்கே பிறந்தவன்,
‘ரெண்டும் ஒரே சத்தம்தானே அக்கா?’

ஒரே சத்தம்தான்.
எனக்கும் இப்போது அப்படித்தான் கேட்கிறது.

தவநிதி கையுறையைக் கழற்றினா, போட்டா,
திரும்பக் கழற்றினா.
அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே
சொல்லைக் கேட்பதை விட்டு உடைத்தேன்.
பெற்றவள்.
பெறுவாள்.
பெறாத,
மகன்.

என் அக்காவின் மூன்று பேரையும்
இந்தச் சொல்லால்தான் ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்திருக்கிறேன்.
உள்ளே ஒரு வயிறு இருக்கிறது,
அது ஒன்றையும் சுமக்கவில்லை என்று
ஒருநாளும் கண்டதில்லை.

ற-வை எழுதினேன்.
பெரிதாய் வந்துவிட்டது. வால் ஓரம்வரை போனது.
மகனை நெருக்கி எழுதவேண்டியதாயிற்று,
கடைசிக் கு விளிம்பில் சாய்ந்து நின்றது,
பஸ்ஸில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி.

அவ பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியை இரு கையாலும் ஏந்தி
ஐஸ் மேல் பாதம் பாதமாய்ப் போனா.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது.
ஃபோன் கண் திறந்ததும்
முதல் வேலையாய் அந்தச் சொல்லைத் தட்டினேன்.
பேராண்மை, என்றது. பேரன், என்றது.
பெரிய மகன்?
‘இல்லை’ என்றேன், சத்தமாகவே.
பிரணவன் திரும்பிப் பார்த்தான்.

பத்து மணிக்குத் தவநிதியின் செய்தி:
‘பெராமகன் அழுதிட்டான். கேக் நல்லம். நண்றி.’

பதில் எழுத விரல் வைத்தேன்.
ஒரு எழுத்துத்தான் தட்டியிருப்பேன்,
‘சந்தோஷம்’ என்று அதுவே நீட்டியது.
தொட்டேன்.
போய்விட்டது.