ஊனா மாலி, மேயோ மாவட்டம்

பெய்ஸ்லியிலிருந்து எழுதுகிறார் ஃபெர்கஸ் ராங்கின்,
பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.
பதினான்கு வருடமாக ஒரு பெண்ணைத் தேடுகிறார்.

பெயர் ஊனா மாலி.
கிடைத்த இடம், அவள் மகள் ஜேனட்டின் இறப்புச் சான்று:
நூலாலைக்காரி, வயது நாற்பத்தெட்டு, நெஞ்சுச்சளி,
தந்தை டூகல்ட் ராங்கின், பீரங்கிப் படை லாடக்காரன்,
தாய் ஊனா மாலி, காலமானாள்.
ஸ்காட்லாந்துக்காரர்கள் சாவுத்தாளிலும்
அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டு எழுதுவார்களாம்.
மெச்சிக்கொண்டே படித்தேன்.

ஊனா என்றால் ஐரிஷ். மாலி என்றால் மேயோ.
அவருக்குச் சந்தேகமே வரவில்லை.
நிலவரிப் பட்டியல், தசமபாகக் கணக்கு,
பங்குக் கோயில்களின் ஞானஸ்நான ஏடு,
பட்டாளத்தில் சேர்ந்தவர்களின் வரிசை.
மாலிகள் நிறைய. ஊனாக்கள் நிறைய.
இரண்டும் சேர்ந்த ஒருத்தி எங்குமில்லை.
டப்ளின் ஆவணக் காப்பகம் இருபத்திரண்டில் எரிந்ததே,
அதில் போயிருப்பாள் என்று
நெருப்பின் தலையில் பழியைப் போட்டுவிட்டு
கடைசியாக எங்களுக்கு ஒரு கடிதம்:
லாடக்காரன் பெங்களூரில் இருந்ததாகத் தெரிகிறது,
கல்லறை ஏதும் இருக்குமா?

பதிவேட்டு அறைக்கு நான் வாரம் மூன்று நாள்.
வீடு மர்ஃபி டவுன்.
மர்ஃபி யார் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.
காக்ஸ், குக், ஃப்ரேசர், ரிச்சர்ட்ஸ்,
பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற அளவுக்கு
எல்லாத் துரைகளையும் தெரியும்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று.
கரையான் ஓரம் தின்ற ஏடு,
காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்ட மை.
ஜேனட், லாடக்காரன் டூகல்டின் மகள்.
தாய்க்கான கட்டத்தில்
பேனா எடுக்காமல் ஒரே இழுப்பில்
ஊனமாலி.
பக்கத்தில் சின்னதாக: நேட்டிவ்.

கணினியில் ஏற்றியவர்கள்
வாசிக்க இயலவில்லை என்று விட்டிருந்தார்கள்.
நான் வாய்விட்டு வாசித்தேன்.
ஆனைமலையை ஆனமாலி என்று எழுதிய கைகள் அல்லவா.
ஊனமாலி. உணமலி.
உண்ணாமலை.

மேலே பல்லிகூட ஒன்றும் சொல்லவில்லை.

திருவண்ணாமலைப் பக்கம் இன்னும் வைக்கிற பெயர்.
என்னோடு படித்த ஒருத்திக்கு அதைச் சொல்ல வெட்கம்,
உமா என்றுவிடுவாள்.
கோயிலில் அம்மன் உண்ணாமுலை:
பிள்ளை வாய் வைக்காத மார்பு.
அதே பக்கத்தின் ஓரத்தில், ஏழு மாதம் கழித்து,
வேறு மையில் ஒரு குறிப்பு:
தகப்பனும் குழந்தையும் சென்னைக்கு, கப்பலுக்கு.
ஆள் இரண்டு.
பெயரைப் பற்றி மேலே யோசிக்காமல் ஏட்டை மூடினேன்.

அங்கே, நாற்பத்தெட்டு வருடம் கழித்து,
யாரோ சொல்லக் கேட்டு எழுதிய குமாஸ்தா
நடுவில் மைக்கூட்டைத் தேடியிருக்கிறான்.
தொட்டுக்கொண்டு வந்தவன்
பெரிய எழுத்தில் தொடங்கினான், மாலி என்று.
அந்த விரல்கனத்து இடைவெளி வழியாகத்தான்
அவள் அயர்லாந்து போய்ச் சேர்ந்தாள்.

எழுதி அனுப்பினேன். ஒன்பது நாள் பதிலில்லை.
பத்தாம் நாள் அழைத்தார்.
மேயோவுக்கு மூன்று தடவை போனேன், என்றார்,
மழையில் ஒரு கல்லறைக்குப் பூ வைத்தேன்,
யாருடையதோ.
அப்புறம்,
அதை எப்படிச் சொல்வது?

சொன்னேன்.
ஊனா, என்று தொடங்கி
அதே இடத்தில் நின்றார்.
நாக்கை மடித்து மேலே தொடுங்கள், என்றேன்.
உன்,
இல்லை, இன்னும் உள்ளே.
கீழே சாலையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
என்ன அது, என்றார்.
லாரி, என்றேன்.
சரி, இன்னொரு தரம், என்றார்.