மஞ்சள் என்று எழுதியிருந்தது

ஃபார்க்கரை மணந்து ஆர்கைலுக்கு வந்த வருடம்
அந்த ரோடோடென்ட்ரான் என் முழங்கால் உயரம்.
மாமனார் விதை போட்டது.
தகரச் சீட்டில் அவர் கிறுக்கல்:
"மஞ்சள். அவசரப்படாதே."

இருபத்தேழு ஏப்ரல்.
இலை மட்டும் துடுப்பு துடுப்பாய் நீண்டது.
இடையில் ஒரு பீச் மரம் புயலில் சாய்ந்து
டிக்கெட் கூண்டை நசுக்கியது.
மான் வேலிக்கு யார் பணம் கட்டுவது என்று
ஃபார்க்கரும் தங்கை ஊனாவும் முறைத்துக்கொண்டு
ஒரே காட்டில் வேறு வேறு பாதையில் களை எடுத்தார்கள்.

இந்த வருடம் மொட்டு. ஒன்றே ஒன்று,
வாத்து முட்டைப் பருமன்.
அன்றைக்கே உறைபனி எச்சரிக்கை.

இரவு இரண்டு மணிக்குக் குளிர்ந்து விழித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
ஏணிமேல் ஃபார்க்கர், எங்கள் போர்வையோடு.
ஏணியைப் பிடித்தபடி
இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாய் ஊனா.
"இன்னும் இடப்பக்கம்" என்றாள்.
வேறு பேச்சில்லை.

ஒன்பதாம் நாள் விரிந்தது.
வெள்ளை.
தொண்டைக்குள் மட்டும்
திராட்சை நசுங்கியது போல் ஒரு கறை.

கிளாஸ்கோ பேருந்துக்காரர்கள் நிறம் பார்த்து, சீட்டைப் பார்த்து,
மறுபடி நிறம் பார்த்தார்கள்.
"மஞ்சள்தான்" என்றாள் ஊனா.
"நல்ல மஞ்சள்" என்றான் ஃபார்க்கர், முகம் மாறாமல்.

போர்வையில் பாசி வாசம்.
இன்னும் துவைக்கப் போடவில்லை.