பதினோரு அடி

கட்டிலிலிருந்து கெட்டில் வரைக்கும்
பதினோரு அடி.
ஜனவரியில்
பதினொன்றும் அடிதான்.

விடியாத எட்டு மணி.
சன்னலுக்கு வெளியே தார்த்து நகரம்
பனி வழிக்கும் வண்டிகளின் மஞ்சள் விளக்கில்
கண் கூசிக் கிடக்கிறது.
போர்வைக்குள்ளிருந்து வலது காலை மட்டும்
முதலில் வெளியே அனுப்புகிறேன்,
கடன்காரன் வாசலில் நிற்கிறானா
பார்த்து வா என்பதுபோல்.
நிற்கிறான்.
நேற்றும் நின்றான்.

குதிநாண் என்று பெயர்.
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.
மூவாயிரம் மீட்டர், இருபத்தெட்டுத் தடை,
ஏழு முறை நீர்க்குழி,
அத்தனைக்கும் இந்த ஒரு நாணில்தான்
என்னை ஏற்றி எய்தேன்.
அறுந்திருந்தால் மைதானத்துக்கே கேட்டிருக்கும்,
மலர்க்கொத்து வந்திருக்கும்.
இது அறவில்லை. நைந்தது.
நைந்ததற்கு யாரும் பூ அனுப்புவதில்லை.

இயன்முறை மருத்துவர் ஊர்மாஸ்
துணிக்கடையில் இழை பார்ப்பவர்போல
இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.
"வீட்டில் படிக்கட்டு உண்டா?"
"மூன்றாம் மாடி."
"போதும். விளிம்பில் நில். குதிகாலை மெல்ல இறக்கு.
நாளைக்கு நூற்றெண்பது."
"எத்தனை நாள்?"
அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.
நெடுநேரம் கழுவினார்.

நான்காம் மாடி ரெய்கோ
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
என்னைச் சுற்றி ஏறிப் போவான்.
முதல் வாரம் "மன்னிக்கவும்" என்றான்.
ஆறாம் வாரம் "தொண்ணூற்றிரண்டா?" என்றான்.
நூற்று நான்கு, என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

மதியங்களில் நீச்சல்குளத்தின் ஆழ மூலையில்
இடுப்பில் நுரைப்பட்டை கட்டிக்கொண்டு
தண்ணீருக்குள் ஓடினேன்.
தரை படாத ஓட்டம்.
நாற்பது நிமிடம், முழு மூச்சில்.
நகர்ந்தது,
சுவரில் எண்ணினால், ஆறு ஓடு.

பிப்ரவரியில் தாலினில் உள்ளரங்கப் போட்டி.
போகாமல் இருந்திருக்கலாம்.
மெர்லே மேற்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்:
"பிடி, கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள்."
இன்னும் சூடாக இருந்தது.
கடைசிச் சுற்றில் அவள் முந்தினாள்.
கத்தினேன்,
தொண்டை கட்டும்வரை அவள் பெயரைக் கத்தினேன்.
அந்தக் கால் ஒருமுறை,
ஒரே ஒருமுறை பிசகாதா என்று நினைத்ததை மட்டும்
சட்டைப்பைக்குள்
அவளுடைய கையுறைகளோடு மடித்து வைத்தேன்.
நாண், குதிகாலில் மட்டும் இல்லை.

ஏப்ரல்.
எமயோகி ஆற்றில் பனிப்பாளம் உடைந்து
பாலத்தூணில் முட்டிக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட,
ஆறு முறை.
மணிக்கட்டுக் கடிகாரம்
'இயக்கம் ஏதும் தென்படவில்லை' என்றது.
குழந்தை வண்டி தள்ளியபடி ஒருவர்
என்னைத் தாண்டிப் போனார்.
குழந்தை திரும்பிப் பார்த்தது.
நான் தேசிய அணிக் காலுறை போட்டிருப்பதை
அதற்கு எப்படிச் சொல்ல?
என்னைக் கேளாமலே உடம்பு முன்னால் சாய்ந்தது.
இன்னும் நாற்பது விநாடி இருந்தது.
நடந்தேன்.

மே மாதம் ஒருநாள்,
நன்றாகத்தானே இருக்கிறது என்று
எட்டு நிமிடம் நிற்காமல் ஓடிவிட்டேன்.
வட்டியோடு ஒன்பது நாள்.
ஊர்மாஸ் திட்டவில்லை.
மறுபடியும் கை கழுவினார்.

இன்று
வெயில் நாலு மணிக்கே வந்து
சன்னலில் உட்கார்ந்திருந்தது.
கால் ஊன்றினேன். ஒன்று.
இரண்டு.
மூன்று.
வாசலில் யாருமில்லை.
நான்காம் அடியில்தான் வந்தான் கடன்காரன்,
மூச்சு வாங்க,
தாமதத்துக்குக் காரணம் தேடுகிறவன்போல.
ஏழாம் அடியில் பின்தங்கிவிட்டான்.

கெட்டிலைப் போட்டேன்.
தண்ணீர் சத்தம் போடத் தொடங்குவதற்குள்
சமையலறை வாசற்படி விளிம்பில் நின்று
சுவரைப் பிடித்துக்கொண்டு
குதிகாலை இறக்கினேன்.

ஒன்று.